மகஸ்தோட்டை மலையில் ஒரு சின்னக் கார்

கண்டி என்றதும் தலதா மாளிகையும் வாவியும் பெரஹராவும்தான் எவருக்கும் நினைவுக்கு வரும். இங்கேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது வீதிகள். எந்தப் பக்கம் போனாலும் ஏற்றம், இறக்கம், வளைவு. கொழும்பிலிருந்து வருகிறவர் கடுகண்ணாவைக் கணவாயில் ஏறித்தான் வரவேண்டும். அந்த வீதியை அமைத்த கப்டன் டோசன் 1829இல் இறந்துபோக, அவர் பெயரில் எழுப்பிய கோபுரம் இன்றும் ஏற்றத்தின் உச்சியில் நிற்கிறது. கிழக்கே மகியங்கனைக்குப் போனால் பதினெட்டு வளைவு. வீதியைத் திருத்தியபோது ஒரு வளைவு குறைந்துவிட்டது என்கிறார்கள். பெயர் மட்டும் மாறவில்லை. தெற்கே பேராதனையில் திரும்பினால் கம்பளை, புசல்லாவ, இறம்பொடை வழியாக நுவரெலியா.

இப்படிப்பட்ட ஊரில் கார் ஓட்டப் பழகும் பிள்ளைகளுக்கு வேகத்தில் ஒரு மயக்கம் வருவது வியப்பில்லை. சமூக சேவைப் பணியில் வீடு வீடாகப் போகும் நான் கண்டது, அந்த மயக்கத்தின் கணக்கைத் தீர்ப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்பதைத்தான். மகனின் லீசிங் தவணைக்குத் தாயின் காப்பு அடகுக்குப் போகிறது. இரவு பன்னிரண்டு மணிக்குத் திகன பக்கம் 'ஒரு ரவுண்டு' போன பிள்ளைக்காக ஜன்னலோரம் விழித்திருப்பதும் அவள்தான். ஆஸ்பத்திரி விபத்துப் பிரிவின் வாங்கில் நான் யாருக்காவது பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், அது அனேகமாக ஒரு தாய் அல்லது ஒரு இளம் மனைவி.

என் அக்காவின் மகனும் இந்த மயக்கம் பிடித்தவன்தான். வைத்திருப்பது ஒரு சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட். பார்வைக்குச் சந்தைக்குப் போகும் சாதாரண ஸ்விஃப்ட் போலவே இருக்கும். உள்ளே 1586 சீசீ இயந்திரம், 125 குதிரை வலு. மூன்று நான்கு வருடச் சம்பளம், அக்காவின் சீட்டுக் காசு, வங்கிக் கடன் எல்லாம் சேர்த்து, ஒருவர் பாவித்ததை வாங்கினான். பிறகு கட்டுகஸ்தோட்டைப் பக்கத்தில் ஒரு கராஜில் சனி ஞாயிறு முழுவதும் கிடப்பான். காற்று இழுக்கும் ஃபில்டரை மாற்றினான். இயந்திரத்தை இயக்கும் சிறிய கணினியின் கணக்குகளைத் திருத்தி எழுதவைத்தான். உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்பிரிங்குகள் பூட்டினான். கடைசியில் அவன் ஆசைப்பட்டது பெரிய சைலன்ஸர்.

அக்கா அரசாங்க ஆஸ்பத்திரித் தாதி. சைலன்ஸருக்கு ஒரு சதமும் தரமாட்டேன் என்று விட்டாள். "சத்தத்துக்கு நான் காசு தரமாட்டேன். நிப்பாட்டுறதுக்கு எவ்வளவு வேணும் சொல்லு" என்று கேட்டு, நல்ல பிரேக் பட்டைகளுக்கும் நான்கு டயர்களுக்கும் ஹெல்மட்டுக்கும் தன் அடுத்த சீட்டை எடுத்துக் கொடுத்தாள். அவள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. வேகமாக ஓட்ட வேண்டுமானால் வீதியை அடைத்து, அம்புலன்ஸ் நிறுத்தி, நேரம் எடுக்கும் இடத்தில் ஓட்டு; திகன வீதியில் ஓட்டினால் காரை நானே விற்பேன். அவனோடு படித்த ஒரு பிள்ளையை அந்த வருடம் தை மாதத்தில்தான் நாங்கள் மகியாவ மயானத்தில் விட்டுவிட்டு வந்திருந்தோம். நள்ளிரவு, மழை ஈரம், ஒரு மின்கம்பம். அதனால் அக்காவின் குரலுக்கு மறுபேச்சு இருக்கவில்லை.

மேலை நாடுகளில் இதற்கென்றே 'டிராக் டே' என்று நாள் ஒதுக்குகிறார்கள். கட்டணம் கட்டி, சொந்தக் காரைக் கொண்டுபோய், மூடிய ஓடுபாதையில் ஓட்டிப் பார்க்கலாம். அதில் வெற்றி தோல்வி, கிண்ணம் எதுவும் கிடையாது. ஜேர்மனியில் 1927இல் திறந்த நூர்பர்க்ரிங் ஓடுபாதையின் சுமார் 20 கிலோமீட்டர் நீளமான மலைச்சுற்றில் இன்றும் பொதுமக்கள் பணம் கட்டித் தம் சொந்தக் காரை ஓட்டுகிறார்கள். நம் நாட்டில் களுத்துறைப் பக்கம் கட்டுகுருந்தையில் பழைய விமான ஓடுபாதையில் பந்தயம் நடப்பதுண்டு. தமிழ்நாட்டிலும் முன்பு சோழவரத்தில் விமான ஓடுபாதையில்தான் நடத்தினார்கள். பிறகுதான் இருங்காட்டுக்கோட்டையில் தனி ஓடுபாதை வந்தது. சென்னையின் அலிஷா அப்துல்லா போன்ற பெண்கள் ஓட்டிப் பெயரெடுத்தது அந்த வட்டாரத்தில்தான்.

மலைநாட்டுக்காரரான எங்களுக்குக் கிட்ட இருப்பது மகஸ்தோட்டை. நுவரெலியா நகரை ஒட்டிய தேயிலைத் தோட்டம் அது. 1934 முதல் சித்திரைப் பருவத்தில் அங்கே மலையேற்றக் கார்ப் போட்டி நடந்துவருகிறது. இந்த நாட்டின் மிகப் பழைய கார்ப் போட்டி அதுதான். பத்துக் கார் முட்டி மோதும் பந்தயம் என்று பயந்துவிடாதீர்கள். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் புறப்படும். நின்ற நிலையிலிருந்து கிளம்பி, தோட்டத்துத் தார் வீதியில் வளைந்து வளைந்து மேலே ஏறி முடிக்க எத்தனை வினாடி என்பதுதான் கணக்கு. எதிரி கடிகாரம்தான். முதல்முறை ஓட்டுகிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்று கராஜ் பாஸும் சொல்லிவிட்டார்.

போட்டி நாளன்று விடிய நான்கு மணிக்குப் புறப்பட்டோம். அவன் காரில் முன்னே. அக்காவும் நானும் பாஸும் அவருடைய வேனில் பின்னே. காரின் மேலதிகச் சில்லு, ஜக், விரிப்புகள், வண்டியில் கிடந்த தண்ணீர்ப் போத்தல் வரை எல்லாவற்றையும் கழற்றி வேனில் ஏற்றியிருந்தார்கள். பாரம் குறையவேண்டும், அதோடு கட்டாத பொருள் எதுவும் உள்ளே உருளக்கூடாது. பிரேக் மிதிக்குக் கீழே ஒரு போத்தல் உருண்டால் போதும் என்றார் பாஸ். நம் வீட்டுக் கார்களிலும் ஓட்டுநர் ஆசனத்தடியில் போத்தலைப் போட்டுவைக்கும் பழக்கம் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

பேராதனைப் பூங்காவைத் தாண்டி, கம்பளையில் பால் தேநீர். ஒரு காலத்தில் தலைநகராக இருந்த ஊர். இப்போது பேருந்து நிலையத்தின் இரைச்சல்தான் அதன் அடையாளம். புசல்லாவை நெருங்கும்போது விடிந்தது. கொழுந்துக் கூடையோடு பெண்கள் மலையேறிக்கொண்டிருந்தார்கள். கொத்மலைப் பக்கம் பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி. இறம்பொடையில் நீர்வீழ்ச்சி, 225 மீட்டர் சுரங்கப் பாதை, பிறகு கொண்டை ஊசி வளைவுகள். எண்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த தூரம்தான். ஆனால் கண்டி 500 மீட்டர் உயரத்தில் இருக்க, நுவரெலியாவோ ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரத்தில்.

இந்த உயரம் காரையும் பாதிக்கும் என்பது எனக்குப் புதுச் செய்தி. நமக்கு மூச்சு வாங்குவது போல இயந்திரத்துக்கும் வாங்குமாம். நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றுக் குறைந்தால் எரிக்கக்கூடிய பெற்றோலும் குறையும். வலுவும் அந்த அளவுக்குக் குறையும். 125 குதிரையில் நூற்றுச் சொச்சம்தான் மலைக்கு வந்து சேர்கிறது என்று பாஸ் சிரித்தார். டேர்போ பூட்டிய கார்களுக்கு இந்தக் குறை அவ்வளவாக இல்லை. காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் விசிறி அவற்றில் உண்டு.

இதைக் கேட்டபோது பிரெஞ்சுப் பெண் மிஷேல் மூட்டோன் பற்றி எங்கோ படித்தது ஞாபகம் வந்தது. 1981இல் இத்தாலியின் சான்ரேமோவில், உலக ரலி போட்டியொன்றில் வென்ற முதல் பெண். 1985இல் அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையேற்றத்தில், 4,300 மீட்டர் உச்சிவரை டேர்போ பூட்டிய அவுடி காரை ஓட்டி, புதிய சாதனை நேரத்தோடு முதலிடம் பெற்றார். சுமார் 20 கிலோமீட்டர் மலைப்பாதை அது. தடுப்புச் சுவர் இல்லாத விளிம்புகள். அக்காவுக்கு இதைச் சொன்னேன். "அவங்கட அம்மா எங்கே நின்னு பார்த்தாங்களோ" என்றாள்.

மகஸ்தோட்டையில் முதல் வேலை பரிசோதனை வரிசையில் நிற்பது. பொனட்டைத் திறந்து பெட்டரி இறுக்கமாகக் கட்டியிருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தார்கள். ஆசனப்பட்டி, ஹெல்மட், தீயணைப்புக் குப்பி, இழுத்துச் செல்லும் கொக்கி, பிரேக் எண்ணெய் என்று ஒவ்வொன்றையும் பார்த்தார்கள். பிள்ளை பிறந்த வீட்டுக்கு நாங்கள் எடைப் புத்தகத்தோடு போகும்போது இவ்வளவு கவனமாகப் பார்க்கிறோமா என்று எனக்கே சந்தேகம் வந்தது. பிரேக் எண்ணெய் ஏன் என்று பாஸைக் கேட்டேன். அது ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளதாம். பழைய எண்ணெயில் ஈரம் சேர்ந்து, பிரேக் சூடேறும்போது கொதித்துக் குமிழி விடும். மிதி பஞ்சுபோல் உள்ளே போகும், கார் நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். மலைநாட்டில் ஓடும் ஒவ்வொரு வேனுக்கும் முச்சக்கர வண்டிக்கும் பொருந்தும் சங்கதி இது. எத்தனை பேர் மாற்றுகிறார்கள்?

அவனுடைய முறை வரச் சில மணி நேரம் இருந்தது. நான் மேலே நடந்தேன். வீதியோரத்திலேயே லயங்கள். பிள்ளைகள் மதிலில் வரிசையாக உட்கார்ந்து ஒவ்வொரு காரின் பெயரையும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். "பாக்க நல்லாத்தான் இருக்கு. ரோட்ட அடைச்சா ஆத்திர அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போக முடியுமான்னுதான் யோசனை. கேட்டா தொறந்து விடுவாங்க, ஆனா யாருகிட்ட கேக்கணும்னு தெரியல" என்றார். ஒரு நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆவதற்கே 2021 வரை காத்திருந்த மக்கள். அக்காவின் மகன் பூட்டியிருந்த டயர்களின் விலையை அந்த அம்மா கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்ல எனக்கு நா எழுந்திருக்காது.

பார்வையாளர் நிற்கும் இடங்களையும் கவனித்தேன். வளைவின் வெளிப்பக்கம்தான் காட்சி நன்றாகத் தெரியும். கார் தடம் விலகினால் வந்து விழுவதும் அங்கேதான். கயிற்றுக்கு அப்பால் போகும்படி ஊழியர்கள் துரத்தத் துரத்த இளைஞர்கள் மறுபடி வந்து நின்றார்கள். நாங்கள் போய்வந்தது 2024க்கு முந்திய ஒரு சித்திரையில். அந்த ஆண்டு ஏப்ரல் 21இல் தியத்தலாவ ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில், ஓடுபாதையை விட்டு விலகிய கார் கூட்டத்துக்குள் புகுந்து ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் எட்டு வயதுச் சிறுமியும் ஒருத்தி. அந்தச் செய்தியைக் கேட்டபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது மகஸ்தோட்டை மதிலில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் கால்கள். ஓட்டுகிறவனுக்கு ஹெல்மட், பட்டி, இரும்புச் சட்டம் எல்லாம் இருக்கின்றன. வேடிக்கை பார்க்கும் பிள்ளைக்கு ஒரு கயிறு. போட்டி நடத்தும் எவரிடமும் நான் முதலில் கேட்கப்போவது இதைத்தான்.

ஒரு மணி வாக்கில் அவன் புறப்பட்டான். நாங்கள் இரண்டாவது வளைவுக்கு மேலே, உள்பக்க மேட்டில் நின்றோம். தூறல் அப்போதுதான் விட்டிருந்தது. தேயிலைச் செடிகளிலிருந்து வீதிக்கு நீர் வழிந்துகொண்டிருந்தது. கீழே சத்தம் கேட்டது. பிறகு நீலப் புள்ளியொன்று. முதல் வளைவில் கொஞ்சம் அகலமாகப் போய், ஓரத்துப் புல்லைத் தொட்டு, திரும்பி வந்தான். அக்கா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் தடம் பதிந்துவிட்டது. எங்களைக் கடந்தது மூன்று வினாடிகூட இருக்காது. பிரேக் பிடிக்கும் இடத்தில் பிடித்தான், கியரைக் குறைத்தான், போய்விட்டான். அவ்வளவுதான். இதற்காகவா இரண்டு வருடம் என்று நான் நினைத்து முடிப்பதற்குள் அடுத்த கார் வந்துவிட்டது.

அவனுடைய வகுப்பில் கடைசிக்கு முந்திய இடம். ஆனால் இரண்டாம் ஓட்டத்தில் முதல் ஓட்டத்தைவிட நேரம் குறைந்திருந்தது. அதைச் சொல்லும்போது அவன் முகம் பரீட்சை முடிவு கேட்ட பிள்ளையின் முகம் போல இருந்தது. "வேகமா போறது லேசு சித்தி. எங்க வேகத்தைக் குறைக்கணும்னு தெரியிறதுதான் கஷ்டம்" என்றான். அக்கா காரைச் சுற்றி வந்து ஒவ்வொரு டயரையும் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சல் பார்ப்பது போல.

திரும்பும் வழி இறக்கம். மேலதிகச் சில்லை மறுபடி காரில் போட்டு, டயர்களின் காற்றைச் சரிபார்த்த பிறகே பாஸ் புறப்பட விட்டார். இந்தமுறை அக்கா மகனோடு காரில் ஏறிக்கொண்டாள். இறம்பொடைக்குக் கீழே, ஒரு மரக்கறி லொறிக்குப் பின்னால் இரண்டாம் கியரிலேயே அவன் நெடுந்தூரம் இறங்கினான். முந்தப் பார்க்கவில்லை. எங்கள் வேனையும் அவனையும் ஒருசேர முந்திக்கொண்டு, வளைவென்றும் பாராமல், ஒரு தனியார் பேருந்து ஹோன் அடித்தபடி பறந்தது. படிக்கட்டில் தொங்கியவர்களை எண்ணினேன், ஐந்து பேர். அதே வீதியில், கொத்மலை கெரண்டி எல்லவில், 2025 மே 11இல் பேருந்தொன்று பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலையேற்றப் போட்டிக்குப் பிள்ளையை அனுப்பலாமா என்று என்னிடம் கேட்கும் தாய்மார், அதே பிள்ளையை அந்தப் பேருந்தில் ஏற்றும்போது யாரிடமும் கேட்பதில்லை.

புசல்லாவில் கார் நின்றது. அக்கா இறங்கி லீக்ஸும் கரட்டும் பேரம் பேசி வாங்கினாள். பின் கதவைத் திறந்து, சில்லுக்குப் பக்கத்தில் மரக்கறிப் பையை வைத்து, அது உருளாதபடி ஹெல்மட்டின் பட்டியால் கட்டிவைத்தான் அவன்.