திருப்பூர் முதல் திருச்செந்தூர் வரை: தீர்த்தங்களின் வழியே ஒரு யாத்திரை

திருப்பூரின் பனியன் கம்பெனிகளில் உழைக்கும் குடும்பங்களுள் பல, தெற்கே தாராபுரம், பழநி, திண்டுக்கல் வட்டாரங்களின் மானாவாரிக் கிராமங்களிலிருந்து குடிபெயர்ந்தவை. சேர்ந்தாற்போல் நான்கு நாள் விடுமுறை கிடைத்துவிட்டால் அவர்கள் மனம் நாடும் திசை திருச்செந்தூர். சொந்த ஊரில் ஒரு பொழுது தங்கி, பெரியவர்களையும் உடன் அழைத்துக்கொண்டு, பழநியாண்டவரை வணங்கி, மதுரை, திருநெல்வேலி வழியாகக் கடலைக் காணப் புறப்படுவார்கள். மொத்தத் தொலைவு சுமார் 430 கிலோமீட்டர்.

நான்குவழிச் சாலை வந்த பிறகு இத்தொலைவை ஓர் இரவில் கடந்துவிட முடிகிறது. மாலையில் ஏறி, வண்டியிலேயே உறங்கி, விடியலில் அலையோசை கேட்டுக் கண்விழிப்போர் மிகுதி. பகலில் பயணம் செய்வோருக்கு மட்டும் இந்த வழி தன் இயல்பைக் காட்டும். முருகப்பெருமானின் தலங்கள் வரிசையாய் அமைந்த இப்பாதை, ஆறும் சுனையும் கிணறும் பொய்கையுமாகத் தீர்த்தங்களின் பாதையாகவும் விளங்குகிறது. தண்ணீர் அரிதான நிலத்தில் தொடங்கி, தண்ணீரே எல்லையாய் நிற்கும் கடற்கரையில் அது நிறைவுறுகிறது.

நொய்யலும் அமராவதியும்

யாத்திரையின் முதல் நீர்நிலை திருப்பூருக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், பேரூர் பட்டீசுவரர் கோயிலருகே தீர்த்தமாகப் போற்றப்படுவது. அதே ஆறு திருப்பூரை அடைந்தபோது சாயக்கழிவால் நிறம் மாறியது. ஆற்றை நம்பியிருந்த வயல்களும் கிணறுகளும் பாழாயின. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரை முழுமையாகச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறையை ஏற்றுக்கொண்ட பின்னரே தொழில் படிப்படியாக மீண்டது. ஓர் ஊரில் தீர்த்தமாகத் தொழப்படும் நீர், அடுத்த ஊரில் கழிவாக ஓடலாகாது என்பதை அந்நகர் பெரும் விலை கொடுத்துக் கற்றது.

காற்றாலைகள் நிற்கும் மேட்டு நிலங்களைக் கடந்தால் தாராபுரம். இங்கே அமராவதி ஆறு. மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து காவிரியைத் தேடிச் செல்லும் இந்த ஆற்றின் கரையில் காடு அனுமந்தராய சுவாமி கோயில் கொண்டிருக்கிறார். சனிக்கிழமைகளில் பக்தர் கூட்டம் பெருகும் தலம் இது. நெடும்பயணம் செல்வோர் இங்கே துளசி மாலை சாத்தி வழித்துணை வேண்டிக்கொள்வது வழக்கம்.

தொப்பம்பட்டிச் சமவெளி

தாராபுரத்துக்கும் பழநிக்கும் இடைப்பட்ட சமவெளியில் உள்ளது தொப்பம்பட்டி. திண்டுக்கல் மாவட்டத்தின் ஊராட்சி ஒன்றியங்களுள் ஒன்றுக்குத் தலைமையிடம். தெற்கே பழநி மலைத்தொடர் நீல மதில்போல் நீண்டு கிடக்கும். மலைமேல் மேகம் குவிந்து நிற்பதைக் கண்ணால் காணலாம். அந்த மேகம் எல்லாம் சமவெளிக்கு மழையாக இறங்கி வருவதில்லை. மழை மறைவு நிலமாதலால் ஐப்பசி, கார்த்திகை மழையை எதிர்பார்த்தே இங்கே ஆண்டு ஓடுகிறது. கிணற்றில் ஊற்று இருக்கும் வரை தென்னையும் முருங்கையும் மக்காச்சோளமும் நிற்கும். ஊற்று வற்றினால் ஆழ்குழாய் இன்னும் ஆழம் போகும். அதுவும் கைவிட்டால் பிள்ளைகள் திருப்பூருக்குப் பேருந்து ஏறுவார்கள்.

இத்தகைய மண்ணில் வாழ்வோர் தண்ணீரைத் தெய்வமாகக் கருதுவதில் வியப்பில்லை. பங்குனி உத்திரத்தை ஒட்டி, கொங்கு நாட்டு அன்பர்கள் கொடுமுடிக்குச் சென்று, காவிரி நீரைக் கலசங்களில் முகந்து, தீர்த்தக் காவடியாகத் தோளில் சுமந்து பழநிக்கு நடந்து வருவார்கள். பங்குனி வெயிலில் தார்ச்சாலையின் சூடு பாதத்தைச் சுடும். தாகம் எடுக்கும், தோளில் குடம் நிறைய நீர் இருக்கும், ஆயினும் அதில் ஒரு துளியும் குடிப்பதில்லை. அது ஆண்டவனின் அபிஷேகத்துக்கு உரியது. வழியோரத்து வீட்டார் நீர்மோரும் பானகமும் வைத்துக் காத்திருந்து, அவர்களின் தாகம் தணிப்பார்கள். சொந்தக் கிணறு வற்றிய வீடுகளிலும் அந்தப் பந்தலுக்குக் குறைவிராது.

பழநியும் சண்முக நதியும்

மலையேறும் முன் சண்முக நதியில் நீராடுவது பழநி யாத்திரையின் தொன்றுதொட்ட மரபு. மலைத்தொடரிலிருந்து இறங்கும் ஆறு ஓடைகளின் சேர்க்கையாதலின் இப்பெயர் என்பர். நீராடிய பின் அடிவாரத்தில் திருஆவினன்குடியில் குழந்தை வேலாயுத சுவாமியை வணங்குவர். அங்கு தீர்த்தம் சரவணப் பொய்கை. பிறகு 693 படிகள் ஏறி, போகர் நவபாஷாணத்தால் அமைத்ததாகப் போற்றப்படும் தண்டாயுதபாணியின் சந்நிதி. முதியோருக்கு 1966 முதல் இழுவை ரயிலும், 2004 முதல் ரோப் காரும் துணைபுரிகின்றன. 2023 ஜனவரி 27 அன்று இத்தலத்தில் குடமுழுக்கு நடந்தேறியது.

சண்முக நதி இங்கிருந்து வடக்கே சென்று அமராவதியில் சேர்கிறது. ஆகவே பழநியில் நீராடுவோர் ஆற்றில் விட்டுச்செல்லும் துணியும் சோப்பும் எண்ணெயும் பழநியோடு நின்றுவிடுவதில்லை. கீழே உள்ள சமவெளியின் கிணறுகளையும் வயல்களையுமே சென்று சேர்கின்றன.

காரில் செல்ல இயலாதோர் பழநியிலிருந்து ரயிலில் தொடரலாம். பாலக்காடு – திருச்செந்தூர் ரயில் பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, பழநி, திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலி வழியாகச் செல்கிறது. மலைக்கோயிலின் அடிவாரத்தில் ஏறிக் கடற்கோயிலின் ஊரில் இறங்கும் வாய்ப்பை ஒரே ரயில் தருகிறது என்பது முருக பக்தர்களுக்குக் கிடைத்த பேறு.

திண்டுக்கல், மதுரை

காய்கறிச் சந்தைக்குப் பெயர்பெற்ற ஒட்டன்சத்திரத்தைத் தாண்டினால், ஒற்றைப் பாறையாய் எழும் திண்டுக்கல் மலைக்கோட்டை தொலைவிலேயே தெரியும். நகருக்குள் காளகத்தீசுவரர், அபிராமி அம்மன் கோயில் உண்டு. நகரின் குடிநீர்த் தேவைக்கு நெடுங்காலமாகக் கைகொடுத்து வருவது ஆத்தூர் காமராசர் அணை. அந்த அணை நிரம்பியதா என்று கேட்பதே திண்டுக்கல்வாசிகள் மழையை விசாரிக்கும் முறை.

மதுரையை ஒட்டி இரண்டு படைவீடுகள் உள்ளன. வடக்கே அழகர்மலையில் பழமுதிர்சோலை. அதற்கு மேலே நூபுர கங்கை. வற்றாத அந்தச் சுனையின் நீரே கள்ளழகரின் திருமஞ்சனத்துக்கு உரியது. மதுரைக்குத் தென்மேற்கே திருப்பரங்குன்றம். குடைவரையில் எழுந்தருளியுள்ள மூலவருக்கு அபிஷேகம் இல்லை. அவர் திருக்கை வேலுக்கே அபிஷேகம். புரட்டாசி மாதத்தில் அந்த வேலை மலைமேல் உள்ள காசி விசுவநாதர் சந்நிதிக்கு எடுத்துச் சென்று, சுனை நீரால் அபிஷேகித்து, நல்ல மழை வேண்டிப் பிரார்த்திப்பது இத்தலத்தின் தனிச்சிறப்பு.

இடையே ஓடும் வைகை, பெரும்பாலான மாதங்களில் மணலாகவே காட்சி தரும். ஓடும் காலத்திலும் அது கண்மாய்களை நிரப்பி, இராமநாதபுரம் பெரிய கண்மாயில் தன் நீரைச் சேர்த்துவிடும், மிஞ்சியதே கடலுக்கு. வழியிலுள்ள ஊர்களுக்கெல்லாம் பகிர்ந்தளித்துவிட்டுத் தனக்கென வைத்துக்கொள்ளாத ஆறு என்று அதனைச் சொல்லலாம்.

பொருநை நாட்டில்

விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி என்று கரிசல் மண்ணினூடே சாலை செல்கிறது. ஊருணியும் கண்மாயுமே இங்கு ஊரின் உயிர். இந்த வெக்கையைக் கடந்து திருநெல்வேலியை அடைந்து, தாமிரபரணிப் பாலத்தில் நிற்கும்போது கொங்குச் சமவெளியினருக்கு ஏற்படும் வியப்பு பெரிது. பொதிகையில் பிறந்து, இருபருவ மழையும் பெற்று, தமிழகத்துக்குள்ளேயே பிறந்து தமிழகத்துக்குள்ளேயே கடலில் கலக்கும் வற்றாத நதி இது. 2018 அக்டோபரில் இதன் கரைகளில் மகா புஷ்கர விழா நடைபெற்றது.

ஆற்றின் கரையோடு கிழக்கே செல்லும் திருச்செந்தூர்ச் சாலையில் நவதிருப்பதிகளுள் ஒன்றான ஸ்ரீவைகுண்டமும், நம்மாழ்வார் அவதரித்த ஆழ்வார்திருநகரியும் வருகின்றன. வாழையும் நெல்லும் செழித்த இப்பகுதி, 2023 டிசம்பரில் தண்ணீரின் மறுமுகத்தைக் கண்டது. 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் திருச்செந்தூரை அடுத்த காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. சுமார் 800 பயணிகள், சுற்றிலும் வெள்ளம். முருகனைத் தரிசித்துத் திரும்பியவர்களும் அதில் இருந்தனர். தங்கள் வீடுகளும் வெள்ளத்தில் தத்தளித்த வேளையில், அருகிலுள்ள கிராம மக்கள் இருந்த அரிசியைத் திரட்டிச் சமைத்து அவர்களுக்குச் சோறிட்டனர். தீர்த்தக் காவடிக்கு மோர்ப்பந்தல் வைக்கும் வறண்ட ஊரின் மனமும், வெள்ளத்தில் சோறிட்ட பொருநைக் கரையின் மனமும் ஒன்றே.

அலைவாயில் ஒரு கிணறு

சங்க இலக்கியங்கள் அலைவாய் என்று குறிக்கும் திருச்செந்தூர், படைவீடுகளுள் கடற்கரையில் அமைந்த ஒரே தலம். சூரனை வென்ற பெருமான் இங்கே சுப்பிரமணிய சுவாமியாக நின்று அருள்கிறார். ஒன்பது நிலைகளுடன் மேற்கே உயர்ந்து நிற்கும் ராஜகோபுரம் தொலைவிலிருந்தே வழிகாட்டும். 2025 ஜூலை 7 அன்று இக்கோயிலில் குடமுழுக்கு விமரிசையாக நடைபெற்றது. பன்னீர் இலையில் வைத்து வழங்கும் விபூதி இத்தலத்துக்கே உரிய பிரசாதம்.

கடலை முதன்முறை காணும் சமவெளிக் குழந்தைகள் சற்று நேரம் பேச்சற்று நிற்பார்கள்; பிறகு நுரையைத் துரத்தி விளையாடத் தொடங்குவார்கள். சங்கும் சோழியும் விற்கும் கடைகள், விடுதிகள், கரையெங்கும் கூட்டம் என்று திருச்செந்தூர் இன்று விடுமுறை நாள்களின் கடற்கரை நகரமாகவும் ஆகிவிட்டது. அதில் குறை காண ஏதுமில்லை. குழந்தையின் களிப்பும் பெருமானுக்கு உகந்ததே.

கோயிலுக்குத் தெற்கே நாழிக்கிணறு உள்ளது. படிகளில் இறங்கிச் சென்றால், ஒரு கிணற்றுக்குள்ளே ஓரடிச் சதுர அளவில் இன்னொரு சிறு கிணறு. போருக்குப் பின் தாகத்தால் வாடிய தம் படைவீரர்களுக்காக முருகப்பெருமான் வேலால் உண்டாக்கியது இது என்பது ஐதீகம். கடல் அருகிலேயே அலையடித்துக் கொண்டிருக்க, இதன் நீர் மட்டும் உப்புக் கரிப்பதில்லை. “இவ்வளவு தண்ணி கடல்ல இருக்குதே அம்மாயி, அப்புறம் எதுக்குச் சாமி கிணறு வெட்டுச்சு?” என்று கொங்கு நாட்டுப் பேரக்குழந்தைகள் கேட்பதுண்டு. “கடல் கும்பிடறதுக்குக் கண்ணு, கிணறு குடிக்கறதுக்கு” என்று பதில் வரும். வாழ்நாளெல்லாம் கிணற்றின் ஆழத்தை எட்டிப் பார்த்தே காலையைத் தொடங்கியவர்களுக்கு அந்தப் பதில் எளிது.

நாழி என்பது சிறிய முகத்தலளவையின் பெயர். உயிர் காக்கும் நீர் அளவோடுதான் கிடைக்கிறது; அளவறிந்தே அதனைப் புழங்க வேண்டும் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

அண்மைக் காலமாகக் கடலரிப்பால் இக்கரையின் மணல் பல அடி ஆழத்துக்கு வாரிச் செல்லப்படுகிறது. அவ்வாறு மணல் அரிக்கப்பட்டபோது, முற்காலத்தில் இத்தலத்தில் இருந்த தீர்த்தங்களின் பெயர் பொறித்த கற்கள் வெளிப்பட்டன. இங்கே 24 தீர்த்தங்கள் இருந்ததாகத் தலபுராண மரபு கூறும். இன்று பக்தர்கள் நீராட எஞ்சியிருப்பவை கடலும் நாழிக்கிணறுமே.

ஆகவே இவ்வழி வருவோர் சிலவற்றை மனத்தில் கொள்வது நலம். நீராடியபின் பழைய துணிகளை ஆற்றிலோ கடலிலோ விடும் வழக்கத்துக்கு இடம் தராது, அவற்றைக் கரையில் உரிய தொட்டியில் சேர்க்கலாம். சோப்பும் ஷாம்பும் தீர்த்தத்துக்கு வேண்டியதில்லை. அலை சீற்றமாக உள்ள நாள்களில் காவலர் சொல்லும் எல்லைக்குள் நீராடுவதே தக்கது. நேர்த்திக்கடன் செலுத்த எண்ணுவோர், தங்கள் ஊர்க் குளத்தையோ கோயில் கிணற்றையோ தூர்வாரும் பணிக்குக் கைகொடுப்பதும் ஒரு நேர்த்திக்கடனே.

ஊர் திரும்புவோர் கையில் பன்னீர் இலை விபூதியோடு, சிறு செம்பில் நாழிக்கிணற்றுத் தீர்த்தமும் இருக்கும். தொப்பம்பட்டிச் சமவெளியின் வீடுகளில் அதனைப் பூசை மாடத்தில் வைத்திருந்து, மழை தொடங்கும் நாளில் கிணற்றில் சில துளிகள் விடுவோரும் உண்டு. ஊற்று பெருக வேண்டும், ஊர்விட்டுச் சென்ற பிள்ளைகள் திரும்பி வர வேண்டும் என்பதே அப்போது அவர்கள் செந்திலாண்டவனிடம் வைக்கும் விண்ணப்பம்.