மெர்டேக்கா சதுக்கம் யாருடையது?

வரலாற்றுப் பாடத்தில் மெர்டேக்கா சதுக்கம் என்றவுடன் நம் மாணவர்களின் நினைவுக்கு வருவது கொடிக்கம்பம் மட்டுமே. அத்திடல் நூறாண்டுகளுக்கும் மேலான பொதுவாழ்வைக் கண்ட இடம் என்பதைப் பலர் அறியார். ஆகவே, மாணவர்களைக் கோலாலம்பூருக்கு அழைத்துச் செல்லும்போதெல்லாம் நான் அவர்களைத் திடலின் நடுவே நிறுத்தி, நான்கு திசைகளையும் பார்க்கச் சொல்வது வழக்கம்.

கிழக்கே சுல்தான் அப்துல் சமாட் கட்டடம். 1897-இல் திறக்கப்பட்ட அக்கட்டடம் காலனித்துவ அரசின் அலுவலகமாக விளங்கியது. மேற்கே 1884-இல் தொடங்கப்பட்ட சிலாங்கூர் கிளப். வடக்கே செயின்ட் மேரி தேவாலயம். ஆட்சி, கேளிக்கை, வழிபாடு ஆகிய மூன்றும் சூழ்ந்த இப்புல்வெளியை அன்று 'பாடாங்' என்று அழைத்தனர். வெள்ளையர்கள் அதில் கிரிக்கெட் ஆடினர், காவற்படையினர் அணிவகுத்தனர்.

"ஐயா, அப்போது நம்மவர்கள் யாரும் இங்கே இல்லையா?" என்று ஒருமுறை ஒரு மாணவி கேட்டாள். இருந்தார்கள். ஐரோப்பிய அதிகாரிகளே மிகுதியாகக் கூடிய அந்தக் கிளப்பின் தொடக்கக் கால உறுப்பினர்களுள் தம்புசாமிப் பிள்ளையும் ஒருவர். மகா மாரியம்மன் கோவிலை 1873-இல் நிறுவியவரும் அவரே. ஆனால் அவர் பெரும் செல்வந்தர். தோட்டத்திலும் இரயில் பாதையிலும் உழைத்த தமிழருக்கு அக்கிளப்பின் கதவு திறக்கவில்லை. இவ்விரண்டையும் சேர்த்தே பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. பெருமையை மட்டும் சொன்னால் அது பாதி வரலாறுதான்.

1957 ஆகஸ்டு 30 நள்ளிரவில் அப்பாடாங்கில் பெருந்திரளான மக்கள் கூடினர். பிரிட்டனின் யூனியன் ஜேக் கொடி இறங்கியது. மலாயாவின் கொடி ஏறியது. ஆசிரியர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். துங்கு அப்துல் ரஹ்மான் விடுதலைப் பிரகடனத்தை வாசித்து, ஏழு முறை 'மெர்டேக்கா' என முழங்கியது மறுநாள் காலை மெர்டேக்கா அரங்கத்தில். மாணவர்கள் இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதைத் தேர்வுத்தாள்களில் அடிக்கடி காண்கிறேன்.

கொடி மாறிய பின்னரும் திடல் உடனே மக்கள் கைக்கு வந்துவிடவில்லை. 1987-இல்தான் கிளப் அந்நிலத்தை மாநகர் மன்றத்திடம் ஒப்படைத்தது. 1990 ஜனவரி முதல் நாள் அது 'டத்தாரான் மெர்டேக்கா' எனப் பெயர் பெற்றது. இன்று தேசிய தின அணிவகுப்பு பல ஆண்டுகளில் புத்ராஜெயாவில் நடைபெறுகிறது. ஆயினும் மாலை வேளையில் குடும்பத்தோடு வந்து புல்லில் அமரவும் படம் எடுக்கவும் மக்கள் இங்கே வருகின்றனர். நுழைவுச்சீட்டு கேட்பாரில்லை.

அதே திடலில் வேலி முளைத்த நாள்களும் உண்டு. 2012 ஏப்ரல் 28 அன்று, தூய்மையான தேர்தலைக் கோரிய பெர்சே பேரணியினர் இங்கே அமர விரும்பியபோது, தடுப்புகளும் முள்கம்பிகளும் அவர்களை மறித்தன. 2015 ஆகஸ்டுப் பேரணியின்போதும் சதுக்கம் மூடப்பட்டிருந்தது. எக்கட்சியின் பக்கமும் நின்று இதனை நான் எழுதவில்லை. விடுதலையின் பெயர் தாங்கிய திடலில் குடிமகன் எப்போது நிற்கலாம், எப்போது நிற்கக்கூடாது, அதனை யார் முடிவு செய்வது என்னும் கேள்வியைப் பிள்ளைகள் ஒருநாள் கேட்கத்தான் செய்வார்கள். அப்போது நாம் பேச்சை மாற்றிவிடக் கூடாது.

பெற்றோர்களே, அடுத்த விடுமுறையில் உங்கள் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள். கொடிக்கம்பத்தின்முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள், தவறில்லை. அதன்பின் சற்று நேரம் புல்லில் அமர்ந்து, முன்பு இங்கே யார் வர முடிந்தது, யாரால் முடியவில்லை என்று பேசுங்கள். தாம் அமர்ந்திருக்கும் நிலம் தமக்கும் உரியது என்று உணரும் பிள்ளை, அதைக் காக்கவும் கற்றுக்கொள்ளும்.