விட்டுப்போன பற்று

2023 ஆகஸ்டு மாதத்து மாலை ஒன்றில், ஸ்ரீரங்கத்தில் உறவினரைப் பார்த்துவிட்டு அம்மாவுடன் திரும்பிக்கொண்டிருந்தோம். காவிரிப் பாலத்தின் நடுவே எங்கள் பழைய அம்பாசிடரின் பின்புறத்தில் 'டக்'கென்று ஓர் ஒலி. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. 1976இல் திறக்கப்பட்ட அப்பாலமே சில மாதங்கள் மூடிக் கிடந்து, தன் மூட்டுகளைப் புதுப்பித்துக்கொண்டு அவ்வாண்டு மார்ச்சில்தான் மீண்டும் திறந்திருந்தது. எங்கள் வண்டிக்கு அத்தகைய ஓய்வை நாங்கள் அளித்ததில்லை.

பின் ஸ்பிரிங் பட்டையைத் தாங்கும் பகுதி, ஆறு மாதங்களுக்கு முன் பற்றவைத்த அதே இடத்தில் விட்டுப்போயிருந்தது. செப்டம்பர் 8 திருவிழாவுக்கு அம்மாவை இவ்வண்டியில்தான் வேளாங்கண்ணிக்கு அழைத்துச் செல்வது வழக்கம். அப்பா தொடங்கிய வழக்கம். விற்றுவிடலாம் என்றார் எங்களில் மூத்தவர். இளையவர் பதில் பேசவில்லை.

திருவெறும்பூர் பெல் கொதிகலன் ஆலையில் வெல்டராக இருந்து ஓய்வுபெற்று ஸ்ரீரங்கத்தில் வசிக்கும் பெரியவர் ஒருவரிடம் போனோம். 1965இல் உற்பத்தி தொடங்கிய அந்த ஆலையும், 1975இல் அதன் வளாகத்தில் அமைந்த பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையமும் இவ்வூருக்கு அளித்த கொடை இத்தகைய கைகள். அவர் வண்டிக்கடியில் படுத்து, வண்ணத்தைச் சுரண்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அம்மாவை வெச்சுக்கிட்டா தம்பி இதை ஓட்டினீங்க?"

லாரிக்கு இருப்பதுபோல் அம்பாசிடருக்குத் தனிச் சட்டம் கிடையாது. தகடுகளைப் பெட்டிபோல் மடித்து ஒட்டிய உடற்கூடுதான் சுமை முழுவதையும் தாங்குகிறது. பெட்டிக்குள் புகுந்த நீர் உள்ளிருந்தே அரிக்கும். வெளியே வண்ணம் பளபளக்கும். முன்பு பற்றவைத்தவர்கள் துருவின் மேலேயே உலோகத்தை உருக்கி ஊற்றியிருந்தார்கள். பட்டறையைக் குறைசொல்ல வாயெடுத்தோம், முடியவில்லை. மாலைக்குள் வேண்டும், செலவும் குறைய வேண்டும் என்று வாசலில் நின்றவர்கள் நாங்கள்தாமே? ஒப்புரவு அருட்சாதனத்துக்கு முன் செய்யவேண்டிய ஆன்ம சோதனை எங்களுக்கு அன்று தரையில் குந்தியபடி நடந்தது.

பெட்ரோல் தொட்டியைக் கழற்றினார். பாட்டரி இணைப்பைப் பிரித்தார். அரித்த பகுதியை வெட்டிக்கொண்டே போனார். "இன்னும் எவ்வளவு, ஐயா?" என்றோம். "நல்ல இரும்பு வர்ற வரைக்கும்." உள்ளங்கையளவு என்று நாங்கள் நினைத்த ஓட்டை முழ நீளமாயிற்று. புதுத் தகட்டை அளவாக வளைத்துப் பொருத்தி, ஓரங்குலம் இங்கே, ஓரங்குலம் அங்கே என்று ஆறவிட்டு ஆறவிட்டுப் பற்றவைத்தார். ஒரே மூச்சில் இழுத்தால் மெல்லிய தகடு கோணிக்கொள்ளுமாம்.

முடிந்தது என்று எழுந்தோம். அவர் விடவில்லை. ஆலையில் செய்வதுபோல் சிவப்புச் சாயத்தைத் தடவி, ஊறவிட்டுத் துடைத்து, மேலே வெண்பூச்சைத் தெளித்தார். வெண்மையில், ஒரு முனையில் மட்டும், மயிரிழை போல் சிவப்பு கசிந்தது. கண்ணுக்குத் தெரியாத விரிசல். தம் வேலையிலேயே கண்ட அந்தக் குறையை அவர் மறைக்கவுமில்லை, வருந்தவுமில்லை. அவ்விடத்தைத் தேய்த்தெடுத்து மறுபடி பற்றவைத்தார்.

மூன்று நாள் வேலை. கூலியை அவர் சொன்னபடியே கொடுத்தோம். பேரம் பேச நா எழவில்லை.

வேளாங்கண்ணிக்குப் புறப்பட்ட விடியலில் அம்மா பின்னிருக்கையில் அமர்ந்து ஜெபமாலையை எடுத்தார்கள். தஞ்சாவூர் தாண்டும்வரை நாங்கள் பேசவில்லை. அம்மாவின் குரலோடு, வண்டியின் பின்புறத்தையும் கேட்டுக்கொண்டே போனோம்.