12 லிட்டர் பாத்திரமும் 48 பாட்டிலும்

தலைப்பைப் பார்த்துவிட்டு, வாத்தியாருக்கு என்ன ஆயிற்று என்று யாரும் கவலைப்பட வேண்டாம். எனக்கு 71 வயது. பீரோ பிராந்தியோ இதுவரை என் நாக்கில் பட்டதில்லை. ஆனால் போன வருடம் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, அவன் பீர் காய்ச்சுவதைப் பக்கத்தில் நின்று முழுசாகப் பார்த்தேன். முப்பத்தைந்து வருடம் வேதியியல் நடத்தியவன். பார்த்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் வீட்டில் குடி என்ற சொல்லைச் சாதாரணமாக உச்சரிப்பதில்லை. என் தம்பி 44 வயதில் ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தான். அப்போது என் மகனுக்கு ஒன்பது வயது. சித்தப்பாவின் வீங்கிய வயிற்றையும் மஞ்சள் கண்ணையும் அவன் பார்த்திருக்கிறான். அதே பையன் ஒஹையோ மாநிலம் கொலம்பஸில், இரண்டு படுக்கையறை அபார்ட்மென்ட்டில் பீர் காய்ச்சுகிறான் என்று தெரிந்ததும் என் மனைவி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

"அப்பா, இங்க இது சட்டப்படி சரிதான்" என்றான். அதுவும் உண்மைதான். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தது. அது போன பிறகு வீட்டில் ஒயின் செய்ய அனுமதி வந்தது, பீருக்கு வரவில்லை. 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தால்தான் அதற்கும் வழி பிறந்தது. வயது வந்த இருவர் உள்ள வீட்டுக்கு வருடம் 200 காலன் வரை காய்ச்சலாம், விற்கக் கூடாது. சாராயம் வடிப்பதற்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. நம் ஊரில் இதெல்லாம் கிடையாது. தமிழ்நாட்டில் வீட்டில் பீர் காய்ச்சினால் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். இதைப் படித்துவிட்டு யாரும் அண்டாவைத் தூக்க வேண்டாம்.

பீர் என்பது சுருக்கமாக இதுதான். முளைகட்டிக் காயவைத்த பார்லியை உடைத்து வெந்நீரில் ஊறவைத்தால் அதிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அந்த இனிப்பு நீரை ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவோடு கொதிக்கவைத்து, ஆறவைத்து, யீஸ்ட் போட்டுப் புளிக்கவைக்க வேண்டும். முழுக்கத் தானியத்திலிருந்தே 19 லிட்டர் எடுக்க வேண்டுமென்றால் 25 லிட்டருக்கு மேல் பிடிக்கிற அண்டாவும் அதைக் கொதிக்கவைக்கிற அடுப்பும் வேண்டும். அவனிடம் இருந்தது சாம்பார் வைக்கும் 12 லிட்டர் பாத்திரமும், கம்பிச்சுருள் பழுக்கிற மின்சார அடுப்பும்தான். அந்த அடுப்பில் 25 லிட்டர் கொதிப்பதற்குள் விடிந்துவிடும்.

அதற்கு ஒரு நடுவழி இருக்கிறது. பார்ஷியல் மேஷ் என்கிறார்கள். சர்க்கரையில் பாதியைத் தானியத்திலிருந்து நாமே எடுப்பது, மீதிப் பாதிக்கு மால்ட் எக்ஸ்ட்ராக்ட் சேர்ப்பது. எக்ஸ்ட்ராக்ட் என்பது தொழிற்சாலையில் இதே வேலையைச் செய்து சுண்டவைத்த பாகு அல்லது பொடி. விருந்தாளி வந்த நேரத்தில் டிகாக்ஷன் போதாவிட்டால் கொஞ்சம் இன்ஸ்டன்ட் தூள் கலந்து சமாளிப்போமே, அந்த மாதிரி. டிகாக்ஷன் மணம் போகாது, எல்லோருக்கும் காபியும் கிடைக்கும்.

ஒரு சனிக்கிழமை காலை ஆரம்பித்தோம். கடையிலேயே உடைத்துக் கொடுத்த பார்லி மால்ட் 1.8 கிலோ, ஒரு துணிப்பையில். பிக்னிக் போகும்போது ஐஸ் வைக்கிற பெட்டிதான் ஊறவைக்கும் பாத்திரம். முதலில் வெந்நீர் ஊற்றிப் பெட்டியைச் சூடாக்கிக் கொட்டிவிட்டு, 74 டிகிரியில் 5 லிட்டர் தண்ணீர் ஊற்றினான். மால்ட் உள்ளே போனதும் சூடு 67-க்கு இறங்கியது. "அப்பா, நீங்க தெர்மாமீட்டரைப் பார்த்துக்குங்க" என்று என் கையில் கொடுத்துவிட்டான்.

அந்த 67 டிகிரியில்தான் சூட்சுமம். முளைகட்டிய தானியத்தில் அமைலேஸ் நொதிகள் இரண்டு வகை உண்டு. ஒன்று 60-லிருந்து 65 வரை நன்றாக வேலை செய்யும்; மற்றது 70-ஐ ஒட்டி. 67-இல் வைத்தால் இரண்டும் சேர்ந்து உழைக்கும். சூடு கூடிப்போனால் நொதி செத்துவிடும். முளைகட்டிய கேழ்வரகுக் கஞ்சி சாதாரணக் கஞ்சியைவிட நீர்த்து, லேசாக இனிப்பதைக் கவனித்திருப்பீர்கள். அதே நொதி, அதே வேலை.

ஒரு மணி நேரம் கழித்து அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டை வெள்ளைத் தட்டில் விட்டு, பக்கத்தில் அயோடின் ஒரு சொட்டு சேர்த்தான். நிறம் நீலமாக மாறவில்லை. மாவுச்சத்து முழுக்கச் சர்க்கரையாகிவிட்டது என்று அர்த்தம். உமித்துகள் விழாமல் தெளிவான நீரை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தட்டு நீலம் காட்டும் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவனே வடிகட்டி எடுத்திருந்தான். எத்தனை வருடம், எத்தனை வகுப்புக்குச் செய்து காட்டிய சோதனை! என் மகன் என் வகுப்பில் படித்ததே இல்லை.

பையை வடியவிட்டு, 76 டிகிரித் தண்ணீர் இன்னும் 5 லிட்டர் ஊற்றி அலசி எடுத்ததில் மொத்தம் 8 லிட்டர் சேர்ந்தது. சக்கையைப் பார்த்து என் மனைவி, "ஊரா இருந்தா மாட்டுக்கு வைக்கலாம்" என்றாள். அன்று காலையிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை.

பிறகு ஒரு மணி நேரம் கொதி. முதல் நுரை பால் மாதிரி பொங்கும். கரண்டியோடு நிற்க வேண்டும். ஆரம்பத்தில் போடுகிற ஹாப்ஸ் கசப்புக்கு, கடைசியில் போடுவது மணத்துக்கு. எக்ஸ்ட்ராக்ட் பொடி 1.4 கிலோ. அதில் பெரும்பகுதியைக் கடைசியில், பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கிவைத்துத்தான் கலந்தான். சின்னப் பாத்திரத்தில் கெட்டியாகக் கொதித்தால் நிறம் கறுக்கும். அடுப்பு மேலேயே கொட்டினால் பாகு மாதிரி அடிப்பிடிக்கும். சிங்க்கில் ஐஸ் நிரப்பிப் பாத்திரத்தை ஆறவைத்து, முன்தினமே கொதிக்கவைத்துக் குளிரவைத்த தண்ணீரைச் சேர்த்து 19 லிட்டர் ஆக்கினான். ஆறிய பிறகு தொடுகிற ஒவ்வொரு பொருளும் கிருமிநாசினியில் முக்கியதாக இருக்க வேண்டும். ஊறுகாய் ஜாடியில் ஈரக்கரண்டி படக் கூடாது என்று என் அம்மா சொல்வதைவிடக் கடுமையான ஆசாரம்.

ஹைட்ரோமீட்டரில் அடர்த்தி 1.046. யீஸ்ட் போட்டு அலமாரிக்குள் வைத்த வாளி இரண்டு நாள் ராத்திரி முழுக்கக் குளுக் குளுக் என்றது. இரண்டு வாரத்தில் 1.011. அந்த வித்தியாசத்தைக் கணக்குப் போட்டால் சாராயச் சத்து சுமார் நாலரை சதவீதம். பாட்டிலில் அடைக்கும்போது மொத்தத்துக்கும் 115 கிராம் சர்க்கரை. வாயு பிடிக்க அதுதான். கூடினால் பாட்டில் வெடிக்கும்.

"இதுல விஷம் ஆயிடாதா?" என்று என் மனைவி கேட்டாள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் செத்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தவள். அங்கே உயிரை எடுத்தது சாராயத்தில் கலந்த மெத்தனால். பார்லியைப் புளிக்கவைத்தால் அந்த மாதிரி ஆபத்தான அளவில் மெத்தனால் வராது என்று அவளுக்கு விளக்கினேன். சரி என்றாள். ஆனால் அவள் கேட்டது மெத்தனாலைப் பற்றி மட்டும் இல்லை என்று எனக்கும் தெரியும். என் தம்பி குடித்ததில் எந்தக் கலப்படமும் இல்லை.

மொத்தம் 48 பாட்டில். இரண்டு வாரம் கழித்து அவை குடிக்கத் தயாரானதும், தினமும் காலையில் காபி போடப் போகும்போது அலமாரியைத் திறந்து எண்ணுவேன். யாரிடமும் சொல்லவில்லை. அதில் தப்பொன்றும் இருப்பதாக இன்றும் நினைக்கவில்லை. தம்பி வீட்டில் அப்படி எண்ண ஆளில்லாமல் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணினால் 12 குறைந்திருந்தது. அன்று முழுக்க நான் ஒன்றும் கேட்கவில்லை. அவனும் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. தேதி, எண்ணிக்கை, யாருக்கு. ஆபீஸ் நண்பர்களுக்கு 6, மேல்மாடிக்காரருக்கு 4, 'நான்' என்று போட்டு 2. தமிழில் எழுதியிருந்தான். அந்த வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் நாங்கள் மூன்று பேர்தான்.

அன்று சாயங்காலம் நடக்கப் போனபோது அவனாகவே சொன்னான்: "செய்யறதுதான்ப்பா எனக்குப் பிடிக்குது. சித்தப்பாவை நான் மறக்கலை." நான் தலையாட்டினேன். வேறு பேச்சுக்குப் போய்விட்டோம்.

நவம்பர் கடைசியில் நாங்கள் கிளம்பிய அன்று தாளில் இருந்த கணக்கு: கொடுத்தது 32, அவன் குடித்தது 7. அலமாரியில் 9 இருந்தது. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியைப் பூட்டினேன்.