கீழ் எல்லை

எங்கள் வீட்டு மொட்டைமாடிக் காக்கைகளுக்கு 2016ஆம் ஆண்டின் கடைசியில் நல்ல யோகம். சமைத்ததும் ஒரு பிடி சோறு வைப்பது அம்மாவின் வழக்கம். அந்த வேலையைத் தங்கை கேட்டு வாங்கிக்கொண்டாள். கொஞ்ச நாளில் தன் தட்டையே மாடிக்கு எடுத்துப்போய், காத்தாட உட்கார்ந்து சாப்பிடுகிறேன் என்றாள். கழுவிய தட்டோடு இறங்கி வருவாள். "பாப்பாவுக்கு இப்பதான் பொறுப்பு வந்திருக்கு" என்று அம்மா போனில் சொன்னார். வார இறுதிகளில் ஊருக்குப் போகும்போது, கைப்பிடிச் சுவரில் பத்துப் பதினைந்து காக்கைகள் வரிசையாகக் காத்திருப்பதை நானும் பார்த்திருக்கிறேன். எதுவும் தோன்றவில்லை.

யாருக்காவது தோன்றியிருக்க வேண்டும் என்றால் அது எனக்குத்தான். கணக்கு முழுக்க என்னிடம் இருந்தது.

வீடு சுங்குவார்சத்திரத்தில். அப்பா இருங்காட்டுக்கோட்டையில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் சூப்பர்வைசர். எனக்கு ஓஎம்ஆரில் மென்பொருள் வேலை, பெருங்குடியில் ரூம். தங்கை எனக்கு ஒன்பது வயது இளையவள், அப்போது பிளஸ் ஒன். பத்தாவது லீவில் கொஞ்சம் பூசினாற்போல ஆகியிருந்தாள். ஒரு கல்யாணத்தில் அத்தை ஏதோ கிண்டலாகச் சொல்லியிருக்கிறார். அந்த வாரம் என்னிடம், "அண்ணா, டயட்டுக்கு நல்ல ஆப் ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள்.

ஆப் எதற்கு, நானே செய்து தருகிறேன் என்றேன். தங்கை என் தொழிலைப் பற்றிக் கேட்ட முதல் உதவி அது. கூகுள் ஷீட் ஒன்று போட்டேன். இட்லி, தோசை, சாம்பார் சாதம், பஜ்ஜி என்று ஒரு பட்டியல், ஒவ்வொன்றுக்கும் கலோரி. தினமும் என்ன சாப்பிட்டாள் என்று பதிந்தால் தானாகக் கூட்டிச் சொல்லும். இலக்கைத் தாண்டினால் அந்த நாள் சிவப்பு, இலக்குக்குக் கீழே இருந்தால் பச்சை.

என் வேலையில் தினமும் செய்கிற காரியம் ஒன்று உண்டு. ஒரு கட்டத்தில் எண் வாங்குகிறோம் என்றால் அதற்கு மேல் எல்லையும் கீழ் எல்லையும் வைப்போம். வயது மைனஸ் ஐந்து என்று யாராவது அடித்தால் ஏற்கக் கூடாது. அந்த ஷீட்டில் நான் மேல் எல்லை மட்டும்தான் வைத்தேன். அவளுடைய எண்கள் இறங்க இறங்கப் பச்சை. பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் ஒரு சிவப்புகூட இல்லை, முழுக்கப் பச்சை. ஷீட் எனக்கும் பகிரப்பட்டிருந்தது. ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு வாட்ஸப்பில் கட்டைவிரல் தூக்கி அனுப்பினேன்.

*

டாக்டர்களிடம் போகவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. நான்கு பேரைப் பார்த்தோம்.

முதலாமவர் கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டு ரத்தம் கம்மி என்றார். டானிக், இரும்புச்சத்து மாத்திரை, ஒரு பாட்டில் குளுக்கோஸ். இரண்டாமவரிடம் "சாப்பிட்டா இறங்க மாட்டேங்குது, நெஞ்சுலயே நிக்குது" என்றாள் தங்கை. அல்சர் என்று வெறும் வயிற்று மாத்திரை எழுதினார். மூன்றாமவர் மெலிவைப் பார்த்து டிபியோ என்று பயந்து சளிப் பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுக்கச் சொன்னார். எல்லாம் நார்மல். "ரிப்போர்ட் நல்லா இருக்கும்மா, ஒண்ணும் இல்ல" என்றார். அதற்குள் மாதவிலக்கு நான்கு மாதமாக வரவில்லை. நாலாவதாகப் பார்த்த பெண் டாக்டர், ஸ்கேனுக்குக்கூட அனுப்பாமல், இந்த வயதில் இதெல்லாம் பிசிஓடியாகத்தான் இருக்கும், வெயிட் மட்டும் போட்டுவிடாதே என்றார். அதை அவள் தலையில் ஏற்றிக்கொண்டாள்.

நடுவில் திருஷ்டி சுற்றியாயிற்று, குலதெய்வத்துக்கு வேண்டியாயிற்று. அவளோ வெள்ளிக்கிழமை விரதம் என்று ஆரம்பித்து, செவ்வாய், சஷ்டி, ஏகாதசி என்று நாட்களைச் சேர்த்துக்கொண்டே போனாள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் ஒரு பெண் பிள்ளை ஏகாதசி இருக்கிறாள் என்றால் யார் குறை சொல்வார்கள்? பக்தி நல்ல மறைப்பு. வீட்டில் எல்லோரும் மெச்சும் மறைப்பு.

அந்த நால்வரும் மோசமான டாக்டர்கள் இல்லை. தமிழ்நாட்டில் வளரிளம் பெண்களிலும் இளம் பெண்களிலும் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்று தேசிய குடும்பநல ஆய்வு சொல்கிறது. மெலிந்து, சோர்ந்து ஒரு பெண் வந்தால் ரத்தசோகை, டிபி என்று முதலில் நினைப்பதுதான் சரி. ஆனால் அங்கேயே நின்றுவிடுகிறோம். பிற்பாடு படித்தபோது ஒன்று தெரிந்தது. இந்த நோயைப் பற்றிய முதல் மருத்துவக் குறிப்பு என்று பலரும் காட்டுவது, ரிச்சர்ட் மார்ட்டன் என்ற ஆங்கில மருத்துவர் 1689இல் வெளியிட்ட புத்தகத்தில் இருக்கிறது. அது காசநோய் பற்றிய புத்தகம். எலும்பும் தோலுமாக வந்த ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு, இவளுக்குக் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, இது வேறு ஏதோ என்று எழுதி வைத்தார். முந்நூறு வருடம் கழித்தும் எங்கள் ஊரில் அதே வாசலில்தான் நின்றுகொண்டிருந்தோம்.

*

கண்டுபிடித்தவர் டாக்டர் இல்லை. பள்ளிக்கூட பி.டி. மிஸ்.

இதே பள்ளியில் வேறொரு ஆசிரியை, அவள் இளைக்க ஆரம்பித்தபோது வகுப்பிலேயே எழுப்பி நிறுத்தி, "பாருங்க, எப்படி ஸ்லிம் ஆயிட்டா" என்று கைதட்ட வைத்திருக்கிறார். கெட்ட எண்ணத்தில் இல்லை. என் கட்டைவிரலும் கெட்ட எண்ணத்தில் போனது இல்லையே.

பி.டி. மிஸ் பார்த்தது வேறு. ஏப்ரல் வெயிலில் யூனிபார்ம் கோட்டின் பட்டனை மேல்வரை போட்டிருக்கிறாள். நகக்கண் நீலமாக இருக்கிறது. மதிய இடைவேளையில் டிபன் பாக்ஸோடு கிளம்புகிறாள், மைதானத்தைச் சுற்றி நடந்துகொண்டே இருக்கிறாள், உட்காருவதே இல்லை. கையில் பூனை மயிர்போல மெல்லிய ரோமம் வளர்ந்திருக்கிறது. ஒருநாள் தன் ரூமுக்குக் கூப்பிட்டு, சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், "கையக் குடு" என்று மணிக்கட்டைப் பிடித்து, விளையாட்டு நாளில் பயன்படுத்தும் ஸ்டாப்வாட்சை வைத்து ஒரு நிமிடம் முழுக்க எண்ணியிருக்கிறார். நாற்பத்து நாலு.

மராத்தான் ஓடுகிறவர்களுக்கு அப்படி இருக்கலாம். பதினாறு வயதுப் பெண்ணுக்கு, விழித்திருக்கும் நேரத்தில் ஐம்பதுக்குக் கீழே போனாலே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்பது பின்னால் எங்களுக்குச் சொல்லப்பட்ட கணக்கு. உணவு கிடைக்காத உடம்பு இதயத்தை மெதுவாக்கிச் சிக்கனம் பிடிக்கிறது. ரத்தப் பரிசோதனை நார்மலாக வரும்போதே இது நடக்கும். நான்கு டாக்டர்களில் ஒருவர்கூட ஒரு நிமிடம் முழுக்க எண்ணவில்லை.

மிஸ் அன்று மாலையே அம்மாவை வரச் சொன்னார். "இது அடம் இல்லம்மா. இதுக்குப் பேரு என்னன்னு எனக்குத் தெரியல. ஆனா சாப்பிட மாட்டேங்கறா இல்ல, சாப்பிடப் பயப்படறா. நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. இந்த நம்பர அவங்க கிட்ட சொல்லுங்க" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். பேர் தெரியாமலேயே இவ்வளவு செய்ய முடியும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

*

சென்னையில் சேர்த்தோம். இரண்டாம் நாளே அப்பா சண்டைக்குப் போய்விட்டார்: "பட்டினி கிடந்த பொண்ணுக்கு இவ்வளவு கம்மியாவா குடுப்பீங்க?" டாக்டர் பொறுமையாகச் சொன்னார். நெடுநாள் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் இன்சுலின் எகிறும், ரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம் எல்லாம் செல்களுக்குள் ஓடிவிடும், இதயம் நின்றுபோகலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்து விடுவிக்கப்பட்ட கைதிகளில் பலர் அப்படி இறந்திருக்கிறார்கள். தினமும் ரத்தம் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். முதல் டாக்டர் ஏற்றிய குளுக்கோஸ் பாட்டிலை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

அங்கேதான் அனோரெக்ஸியா என்ற சொல்லைக் கேட்டோம். "குண்டாயிடுவேன்னு பயமா?" என்று கேட்டபோது அவள் இல்லை என்றாள். "இறங்கல" என்பதையே திரும்பச் சொன்னாள். நான் லேப்டாப்பைத் திறந்து அந்தப் பச்சை ஷீட்டைக் காட்டினேன். டாக்டர் வெகுநேரம் அதைக் கீழே தள்ளித் தள்ளிப் பார்த்தார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. அவளிடம், "இவ்வளவு நாள் தனியா கணக்கு எழுதியிருக்கே. களைப்பா இல்லையா?" என்று கேட்டார். அப்போதுதான் அழுதாள்.

"நான் குண்டு" என்ற வாக்கியத்துக்காகக் காத்திருந்தால் நம் பிள்ளைகளில் பலரைத் தவறவிடுவோம். தொண்ணூறுகளிலேயே ஹாங்காங்கில் சிங் லீ என்ற மனநல மருத்துவர், அங்குள்ள நோயாளிகளில் கணிசமானவர்கள் பருமனைப் பற்றிப் பேசுவதே இல்லை, வயிறு உப்புகிறது, பசி இல்லை என்றே சொல்கிறார்கள் என்று எழுதினார். 1998இல் டி.என். சீனிவாசன் முதலிய சென்னை மருத்துவர்கள் 210 மருத்துவ மாணவர்களை ஆராய்ந்து, ஏறக்குறைய நூற்றுக்குப் பதினைந்து பேரிடம் உணவு சார்ந்த தவிப்பைக் கண்டார்கள். மேற்கத்திய வரையறைக்குள் அது முழுதாகப் பொருந்தவில்லை என்பதால் தாங்களே ஒரு வினாத்தாளை உருவாக்கினார்கள். வேலூர் சி.எம்.சி. 2007இல் வெளியிட்ட ஆய்வில், உண்ணல் கோளாறோடு வந்த சிறுவர் சிறுமியரில் மிகப் பெரும்பான்மையினருக்கு இருந்தது மனம் சார்ந்த வாந்தி. நம் ஊரில் துயரம் வயிற்றின் வழியாகத்தான் பேசும்.

பிரிட்டனில் 1999இல் ஐந்தே கேள்விகள் கொண்ட ஒரு பரிசோதனை வந்தது. வயிறு முட்டினாற்போல் இருக்கிறதென்று நீயே வாந்தி எடுப்பாயா? சாப்பாட்டின் மேல் கட்டுப்பாடு போய்விட்டதென்று கவலையா? மூன்று மாதத்தில் ஆறு கிலோவுக்கு மேல் குறைந்தாயா? மற்றவர்கள் ஒல்லி என்கையில் நீ குண்டு என்று நம்புகிறாயா? உணவே உன் வாழ்க்கையை ஆள்கிறதா? இரண்டுக்கு ஆம் என்றால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும். எந்த கிளினிக்கிலும் இரண்டு நிமிட வேலை. என்னைக் கேட்டால், நம் ஊருக்கு இன்னும் ஒன்றைச் சேர்ப்பேன்: வீட்டில் கடைசியாக யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாய்?

மெலிவையே பார்த்துக்கொண்டிருக்கவும் கூடாது. நிறையத் தின்று வாந்தி எடுப்பவர்களின் எடை சாதாரணமாகவே இருக்கும். விரலைத் தொண்டைக்குள் விட்டு விட்டுக் கைமுட்டியில் காய்த்திருக்கும் தழும்பு, வீங்கிய கன்னம், அமிலத்தில் அரித்த பல் என்றுதான் தெரியும். பல் டாக்டர்தான் முதலில் பார்ப்பார். பையன்களுக்கும் வரும், அதை ஜிம் என்று சொல்லிக்கொள்வோம்.

*

குணமாக ஒன்றரை வருடம் ஆனது. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் எண்பதுகளில் வளர்ந்த முறையைத்தான் எங்களுக்குக் கொஞ்சம் மாற்றிச் சொன்னார்கள்: சாப்பாடுதான் மருந்து, டோஸ் பெற்றோர் கையில், பழி யார்மேலும் இல்லை. கேட்க எளிது. ஒரு தோசைக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். "என்னடி பெருசா, முழுங்கு" என்று அம்மா கத்திய நாட்கள் உண்டு. அவள் தட்டைத் தூக்கி எறிந்த நாட்களும் உண்டு. மதியம் அவளோடு உட்கார வேண்டும் என்று அப்பா மூன்று மாதம் நைட் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டார். பள்ளி திறந்த பிறகு, பி.டி. மிஸ் தன் டிபனைப் பிரித்து அவளை எதிரே உட்கார வைத்துக்கொண்டு கிரிக்கெட் பேசினார். தட்டைப் பார்க்கவே மாட்டாராம்.

இப்போது அவள் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறாள். இந்தச் சாலையில் சாப்பாடு பெரிய விஷயம். 2021 டிசம்பரில் பாக்ஸ்கான் பெண்களின் விடுதிச் சாப்பாடு கெட்டு 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது, ஆயிரக்கணக்கானவர்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. விழுப்புரத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வந்த, இருபது வயதைச் சுற்றியுள்ள பெண்கள் இத்தனை பேர் வீட்டைவிட்டுத் தனியாகச் சாப்பிடும் இடம் இது. நைட் ஷிப்டில் பசிக்காது. சாப்பாடு பிடிக்காது. பாத்ரூம் போக வேண்டிவரும் என்று தண்ணீரே குடிக்காதவர்கள் உண்டு. சாப்பிடாமல் இருக்க இவ்வளவு நியாயமான காரணங்கள் இருக்கும் இடத்தில், நோயாகச் சாப்பிடாதவள் ஒருத்தி எளிதில் மறைந்துகொள்வாள். மயங்கி விழுந்தால் ஹெல்த் ரூமில் குளுக்கோஸ் தண்ணீரும் இரும்புச்சத்து மாத்திரையும் கிடைக்கும்.

போன வருடம் கம்பெனி பஸ்ஸில் அப்படி ஒரு பெண்ணைத் தங்கை கவனித்திருக்கிறாள். எப்படி என்று கேட்டேன். "கேன்டீன்ல எல்லாருக்கும் பரிமாறிட்டே இருந்துச்சுண்ணா. கடைசி வரைக்கும் உக்காரல." இரண்டு வாரம் அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சினிமா மட்டும் பேசியிருக்கிறாள். மூன்றாம் வாரம் தன் கதையைச் சொல்லியிருக்கிறாள். பிறகு இருவருமாக 14416க்கு, அந்த இலவச மனநல உதவி எண்ணுக்கு, போன் செய்திருக்கிறார்கள். ஹெல்த் ரூம் நர்ஸிடம் போய், "பிரஷர் பாக்கும்போது பல்ஸையும் ஒரு நிமிஷம் முழுசா எண்ணுங்க சிஸ்டர், படுக்க வச்சு ஒரு தடவை, நிக்க வச்சு ஒரு தடவை" என்று சொல்லிவிட்டும் வந்திருக்கிறாள். அந்த நர்ஸ் இப்போது எண்ணுகிறாராம்.

இந்தக் கட்டுரையை அவளுக்கு முதலில் அனுப்பினேன். முதல் வடிவில் அவளுடைய எடை, ஷீட்டிலிருந்த கலோரிகள் எல்லாம் எண்களாக இருந்தன. அரை மணி நேரத்தில் போன் வந்தது.

"அந்த நம்பர் எல்லாத்தையும் எடுத்துடு. படிக்கற பொண்ணுங்க அத டார்கெட்டா எடுத்துக்கும். நான் எடுத்துப்பேன் அப்போ."

எடுத்துவிட்டேன். நாற்பத்து நாலையும் எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தாள். "அது இருக்கட்டும். அது மிஸ் எண்ணினது."