நாக்கை நீட்டாத தேனீ

கோவிட் வந்துபோன பிறகு, நான் எழுதின கோடே எனக்குப் புரியவில்லை. வேலையில் அக்கறை போச்சு, சோம்பேறி என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அப்போதுதான் 2007இல் வந்த ஓர் ஆய்வைப் படித்தேன். வாசனையோடு சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துப் பழக்கினால், அடுத்த முறை வெறும் வாசனைக்கே தேனீ நாக்கை நீட்டும். வரோவா உண்ணி பரப்பும் சிறகுச் சிதைவு வைரஸை உடலில் செலுத்திய தேனீக்களோ இதைச் சரியாகக் கற்கவில்லை, கற்றதும் நிற்கவில்லை. ஆனால் சர்க்கரைமேல் நாட்டம் குறையவில்லை, கூடத்தான் செய்தது.

சுமார் 10 லட்சம் நியூரான்கள் கொண்ட மூளை. வாசனையை நினைவாக்கும் காளான் வடிவப் பகுதியிலும் இந்த வைரஸைக் கண்டிருக்கிறார்கள். வளர்ந்தபின் தொற்றினால் சிறகு முழுசாகவே இருக்கும். பார்த்தால் நோய் தெரியாது.

அந்தத் தேனீயைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்னை மட்டும் எப்படிச் சொன்னேன்?