கூடம் கோணல் இல்லை!

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பிரிட்டனில் எல்பிஜிக்கு மாற்றப்பட்ட பழைய ரேஞ்ச் ரோவர்களுக்கு இது அப்படியே பொருந்தும்.

1970-ல் வந்த வண்டி அது. அதன் 3.5 லிட்டர் வி8 இன்ஜின் பெட்ரோல் குடிக்கிற குடிக்குப் பயந்து கேஸுக்கு மாறியவர்கள் பலர். கொஞ்ச நாளில் புலம்பல் ஆரம்பிக்கும்: "பெட்ரோலில் நன்றாக ஓடுகிறது, கேஸில் திணறுகிறது. கிட்தான் கோளாறு!"

கேஸைப் பற்றவைக்க வலுவான பொறி வேண்டும். தேய்ந்த பிளக்கும் நைந்த ஒயரும் பெட்ரோலில் ஒப்பேற்றிவிடும், கேஸில் மாட்டிக்கொள்ளும். கவனிக்காமல் விட்டால் இன்டேக்கில் 'டமார்' என்று வெடித்து ஏர்ஃப்ளோ மீட்டரையே உடைத்துவிடலாம்.

அடுத்தது வேப்பரைசர். திரவ புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதிக்கும். ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சிவிடும். அதனால்தான் இன்ஜினின் சூடான தண்ணீரை வேப்பரைசர் வழியாகச் சுற்றவிடுகிறார்கள். இன்ஜின் சூடான பிறகும் அதன்மேல் பனி படிகிறதா? தண்ணீர் அங்கே சரியாகப் போகவில்லை. தண்ணீர் குறைந்த வண்டியை அப்படியே ஓட்டினால் அலுமினிய இன்ஜினின் ஹெட் கேஸ்கட் போய்விடும். அப்புறம் பெட்ரோலிலும் ஓடாது!

ஆக, கிட்டைக் கழற்றி எறியும் முன் பிளக், ஒயரைப் பாருங்கள். இன்ஜின் ஆறியதும் தண்ணீரைப் பாருங்கள். சேதி சொல்ல வந்தவனை அடித்து விரட்டலாமா?